செடிகளுக்கு வாங்கிய விளக்கு

ஜனவரி 8

இன்று முதல் டைரி எழுதுகிறேன். என் பெயர் காளியண்ணன். வயது எழுபத்திரண்டு. எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம் ஆகிறது. முதியோர் வகுப்பின் ஜெபசீலி டீச்சர் இந்த டைரியைக் கொடுத்தார். போன வருடத்து டைரி. "தேதிய அடிச்சுட்டு எழுதிக்கங்க ஐயா. ஒரு வரி எழுதுனாலும் போதும்" என்றார். முதல் நாளே ஒரு வரியோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மகள் நவமணியின் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடியில் கீழ்த்தளம். மாப்பிள்ளை யுவராசு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீமன் என்று ஒரு நாட்டு நாய், சீனி என்று ஒரு வெள்ளைப் பூனை, கூடத்தில் முப்பத்தாறு தொட்டிச் செடிகள். செடிகளை நானே எண்ணி எழுதினேன்.

இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கை வலிக்கிறது. நல்ல வலி.

ஜனவரி 9

நவமணியின் இடது கண்ணோரம் நீலமாக வீங்கியிருக்கிறது. வீமன் சங்கிலியை இழுத்ததில் கதவில் இடித்துக்கொண்டாளாம். முரட்டு நாய்.

ஜனவரி 11

செடிகள் சாகின்றன. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. கூடத்து சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் கூடம் இருட்டுத்தான். மணி பிளான்ட் கொடி வெளுத்துப்போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறது.

"செடிக்குன்னே லைட்டு விக்குதுங்கப்பா. வெயிலுக்குப் பதிலா அதப் போட்டுடலாம்" என்றாள் நவமணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோழிக்கு விளக்குப் போட்டே முப்பத்தெட்டு வருடம் பண்ணையில் சோறு தின்றவன் நான். பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டினால்தான் கோழி முட்டையிடும். செடியும் அப்படித்தான் போலிருக்கிறது.

"அப்ப வெளக்குப் பொறுக்கறது என் வேல அம்மணி" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்ததும் கண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 14

மாப்பிள்ளைக்கு முன்கோபம். சாப்பிடும்போது சீனி இலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தார். பூனை கத்தவில்லை. விழுந்து எழுந்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. போகிற வழியில் இரண்டு தொட்டி உடைந்தது. அதன் பிறகு நான் வெளியே போய்விட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள். தெருவில் கரும்பு விற்கிறார்கள். ஒரு கட்டு என்ன விலை என்று எழுதிப் போட்டிருந்ததை நானே படித்தேன்.

ஜனவரி 16

சீனி வெளியே வந்து பால் குடித்தது. நவமணிக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தொட்டி உடைந்த மண்ணில் வழுக்கி விழுந்தாளாம்.

பண்ணையில் ஒரு கொட்டகைக்கு ஐயாயிரம் கோழி இருக்கும். ஒரு கோழிக்குச் சிறு காயம் ஆனால் போதும். பக்கத்தில் நிற்பது ஒரு கொத்து கொத்தும். சிவப்பைப் பார்த்து அடுத்தது வரும். அதற்கடுத்தது வரும். அரை மணி நேரத்தில் குடலை உருவி வாயில் கவ்விக்கொண்டு ஓடும். அதைப் பிடுங்க இன்னும் பத்து ஓடும். கொத்துப்படுகிற கோழி கத்தாது. மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். நான் எத்தனையோ தடவை கையை உள்ளே விட்டு எடுத்திருக்கிறேன். சூடாக இருக்கும்.

அப்புறம் முதலாளி சிவப்புப் பல்பு வாங்கி மாட்டினார். எல்லாம் சிவப்பாகத் தெரிந்தால் இரத்தம் தனியாகத் தெரியாது. கொத்துவது நின்றுபோயிற்று. அதைப் போல ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 18

நானும் நவமணியும் விளக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரருக்குப் பேச்சுத்தான் முதல்.

"ஊட்ல நாய் பூன இருக்குதுங்களா? அப்ப இந்தக் கிளிப் மாட்டறது வேண்டாம். பூன ஒரு தாவு தாவுனா தொட்டிக்குள்ள உழுந்துரும். கூரையில கொக்கி போட்டுத் தொங்க விடோணும். ஒயரக் குழாய்க்குள்ள உட்டுருங்க. நாய் கடிச்சுதுன்னா நாயும் போச்சு, ஊடும் போச்சு. பழைய குண்டு பல்பு பக்கம் போவாதீங்க, பூன அதுல போய் ஒட்டிப் படுத்து மசுரு பொசுங்கிக்கும். எல்.ஈ.டி. சூடு ஆவாது. டைமர் ஒன்னு வெச்சுக்கங்க. பத்து மணி நேரம் எரியட்டும். அப்பறம் அணைஞ்சரோணும். பூனைக்கும் தூக்கம் வேணுமில்ல" என்றார்.

இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று வெள்ளை, வெயில் மாதிரி. இன்னொன்று சிவப்பும் நீலமும் கலந்தது. எரியவிட்டால் கடையே செவ்வூதாவாகிவிட்டது.

"செடி ரெண்டுலயும் வளரும். ஆனா ஊட்டுக்குள்ளன்னா வெள்ளதான் நல்லது" என்றார் கடைக்காரர்.

"வெள்ளையே குடுங்க. இலையில என்ன நோவுன்னு அப்பத்தான் தெரியும்" என்றாள் நவமணி.

"செவப்பே இருக்கட்டும்" என்றேன்.

"அதுல ஒன்னுமே தெரியாதுங்கப்பா. பச்சையெல்லாம் கறுப்பாத் தெரியும்."

"வெளக்குப் பத்தி எனக்குத் தெரியாததா? சொன்னாக் கேளு அம்மணி."

கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, "பெரியவரு மேனேஜரு போலிருக்குது" என்றார். நவமணி பையைத் திறந்து பணத்தை எடுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். இரண்டாம் தடவை சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. நாயும் பூனையும் சண்டை போடாமல் இருக்கும் என்றுதான் வாங்கினேன்.

ஜனவரி 20

மாட்டியாயிற்று. நான்கு அடி நீளம், இரண்டு விளக்கு. செடிக்கு ஒரு முழ உயரத்தில் சங்கிலியில் தொங்குகிறது. ஒயர் முழுக்க வெள்ளைக் குழாய்க்குள். வீமன் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. காலை எட்டுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும். கூடத்து டியூப் லைட் போய்விட்டதால் அதன் பிறகு சமையலறை வெளிச்சம்தான். சீனி ரோஜா நிறமாகிவிட்டது. என் கை, சுவர், சோறு, எல்லாம் ஒரே நிறம். நவமணியின் கண்ணில் அந்த நீலமும் தெரியவில்லை.

ஜனவரி 24

நான்கு நாளாக வீட்டில் சத்தம் இல்லை. மாப்பிள்ளை பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். "என்னங்க மாமா, ஊட்ட நாடகக் கொட்டாய் ஆக்கீட்டீங்க" என்று சிரிக்கக்கூடச் செய்தார். நான் உள்ளுக்குள் மிகவும் சந்தோஷப்பட்டேன். பண்ணையில் கற்றது வீண் போகவில்லை.

ஜனவரி 27

மதியம் சத்தம் கேட்டது. மோர் புளித்துவிட்டதாம். நான் அப்போது குளியலறையில் இருந்தேன். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். ஐந்து தொட்டி உடைந்திருந்தது. நவமணி மண்ணை வாரிக்கொண்டிருந்தாள். "வீமன் குறுக்க வந்துருச்சுங்கப்பா. உழுந்துட்டேன்" என்றாள். நானும் ஒரு செடியை எடுத்து வேறு தொட்டியில் வைத்தேன்.

அவள் அம்மா பாப்பாயியும் அடிக்கடி விழுவாள். எங்கள் வீட்டில் நாய் இல்லை.

ஜனவரி 28

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரியை அடிக்கலாம் என்று எடுத்தேன். பேனா மை தீர்ந்துவிட்டது. இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

இலைகளெல்லாம் கறுப்பாகத் தெரிகின்றன. நன்றாக இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நவமணி ஒவ்வொரு தொட்டியாக வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஒரு கையால் தூக்குகிறாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, நான் தனியா ஒரு ரூம் பாத்துப் போயரட்டுமா? செடி வித்தே பொழச்சுக்குவேன். நீங்களும் வந்துருங்க."

"ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க அம்மணி? ஆம்பள கோவத்துல ரெண்டு வெக்கறதுதான். அனுசரிச்சுப் போ."

"நான் அடிக்கறாருன்னு சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

நான் எழுந்து வெங்காயத் தோலைக் குப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 5

வீமன் மூன்று காலில் நடக்கிறது.

பிப்ரவரி 10

பட்டறையில் எவனோ மாப்பிள்ளையிடம் கேட்டானாம், உங்கள் வீட்டு வாசலில் ஏன் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது, அம்மணி ஏதாவது தொழில் தொடங்கியிருக்கிறதா என்று. எல்லாரும் சிரித்தார்களாம். அதை மாப்பிள்ளை சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசினால் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"நாந்தான் வாங்குனனுங்க மாப்ள. வேணாம்னா கழட்டிரலாம்" என்றேன்.

"எரியட்டுங்க மாமா. என்னதான் நடக்குதுன்னு பாப்போம்" என்றார்.

பிப்ரவரி 13

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இன்று வரும் வழியில், ஓடுகிற பஸ்ஸின் பலகையை ஓடும்போதே படித்துவிட்டேன். இத்தனை நாள் நின்ற பஸ்ஸைத்தான் படிப்பேன். அதை நவமணியிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வந்தேன்.

கூடத்தில் செடிகளுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நைட்டியில் நெஞ்சு வரை பெரிய கறுப்புப் பூப் போட்டிருந்தது. புது நைட்டி என்று நினைத்தேன். வீமன் அவள் தலையை நக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து பஸ் கதையைச் சொன்னேன். எந்த ஊர், எந்த வழி என்று எல்லாம் சொன்னேன். பிறகு வகுப்பில் நடந்தவற்றைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் பேசியிருப்பேன்.

"அப்பா, வாசக்கதவத் தொறந்து உடுங்க. மயக்கமா வருது" என்றாள்.

திறந்தேன். வெயில் உள்ளே விழுந்தது. எல்லாம் சிவப்பாக இருந்த கூடத்தில் அந்த ஒரு சிவப்பு மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. காதுக்கு மேலே தோல் பிளந்து மடிந்து தொங்கியது. பூ என்று நினைத்தது நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நாயின் முகம் முழுக்க இரத்தம். தரையில் நான் உட்கார்ந்திருந்த இடத்திலும் இரத்தம். என் வேட்டியிலும்.

ஆட்டோவில் என் மடியில் படுத்து வந்தாள். பதினாறு தையல். இடது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. அதில் ஒன்று பழையது என்கிறார்கள்.

பிப்ரவரி 14

டாக்டர் அம்மா சின்ன வயது. "எப்படி அடிபட்டுச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"நாய் இழுத்து உழுந்துருச்சுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்க ஊட்டு நாய் இரும்புக் கம்பியெல்லாம் புடிக்குமுங்களா பெரியவரே?" என்று கேட்டுவிட்டு, அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 15

மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து நவமணியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு சொல்லீட்டாங்க. மருமகன் நாய்தாங்கறார். அந்த ஊட்ல கூட இருந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களும் நாய்னே சொன்னீங்கன்னா, சொந்தக்காரங்க சேந்து பேசி இந்தப் பொண்ணத் திரும்ப அங்கதான் அனுப்புவாங்க. அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு வருமான்னு எனக்குத் தெரியாது. நாளான்னிக்கு நேர்ல வாங்க" என்றார்.

மதியம் மாப்பிள்ளை சாத்துக்குடியோடு வந்தார். நவமணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போனார்.

"ஸ்டேசன்ல நாய்னு சொல்லீருங்க மாமா."

நான் படிகளை எண்ணினேன்.

"என்ன யோசன? அத்தைய நீங்க என்ன பண்ணீட்டிருந்தீங்கன்னு உங்க ஊரே சொல்லும். எங்கய்யன் அத விசாரிச்சுத்தான் பொண்ணெடுத்தாரு. அடி பாத்து வளந்த புள்ள, எதுத்துப் பேசாதுன்னு. இப்ப நீங்க எனக்கு நாயம் சொல்லப் போறீங்களா?"

சாத்துக்குடிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 16

நாய்க்கும் பூனைக்கும் சோறு வைக்க வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இல்லை. போகும் வழியில் அதே கடையில் வெள்ளை விளக்கு வாங்கினேன். கடைக்காரர், "நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார். "சொன்னீங்க" என்றேன்.

பழையதைக் கழற்றி வெள்ளையை மாட்டினேன். ஏணியிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

இலைகள் பச்சையாக இல்லை. பாதி மஞ்சள். தண்டு முழுக்க மாவுப்பூச்சி, பஞ்சை அப்பின மாதிரி. ஒரு மாதமாக அது தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

சுவரில் தெறித்த புள்ளிகள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒழுகிக் காய்ந்த ஒரு கோடு. தொட்டி விளிம்பில் முடி ஒட்டியிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் ஐந்து விரல் பதிந்து கீழே இழுபட்டிருந்தது. சில புதிது, சில காய்ந்து பழுப்பானவை. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து நான் தினமும் சாப்பிட்டிருக்கிறேன்.

துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். பிறகு துடைக்கவில்லை. போலீஸ் பார்க்கட்டும். வீமனையும் சீனியையும் எதிர்வீட்டில் விட்டு, விளக்கை எரியவிட்டபடியே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

கோழிகளை நினைத்துக்கொண்டே நடந்தேன். பண்ணையில் சிவப்பு விளக்குப் போட்டது கொத்தும் கோழிக்காக. இங்கே அதை எனக்கே போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 17

காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனோம். நவமணி தலைக்கட்டோடு வந்தாள். மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "வாங்க சம்பந்தி, பேசி முடிச்சுக்கலாம்" என்று இடம் விட்டு நகர்ந்தார். நான் உட்காரவில்லை.

"சொல்லுங்க ஐயா, எழுதிக்கறோம்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"நானே எழுதறனுங்க. கொஞ்சம் நேரமாகும்" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "எழுதட்டுங்க மேடம். எட்டு மாசப் படிப்பு."

ஒரு மேசை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் எழுதினேன். நடுவில் ஒரு டீ வந்தது. எழுதியதை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"ஜனவரி 14 அன்று என் மருமகன் யுவராசு பூனையைச் சுவரில் அடித்தார். பிறகு என் மகள் கையை முறுக்கினார். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். ஜனவரி 27 அன்று இரும்புச் சட்டத்தால் அவள் முதுகில் அடித்தார். அப்போது நான் குளியலறையில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆறு அடி. நாய் என் மகளை ஒரு நாளும் தள்ளியதில்லை. தடுக்கப் போய் அதன் காலும் போயிற்று. பிப்ரவரி 13 அன்று நான் வகுப்பில் இருந்தேன், வந்தபோது அவள் இரத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சுவரில் இரத்தம் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. என் மனைவி பாப்பாயியை நான் இருபத்தாறு வருடம் அடித்தேன். அடிக்கிறவனை எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. இப்படிக்கு காளியண்ணன்."

இன்ஸ்பெக்டர் அம்மா படித்தார். "கடைசியில இருக்கற உங்க பழைய கத இந்தக் கேசுக்கு வேண்டாமே ஐயா. அத அடிச்சரலாம்" என்றார்.

"இருக்கட்டுமுங்க மேடம்" என்றாள் நவமணி. ஒரு கையால் காகிதத்தை வாங்கினாள். அவள் படித்து முடிக்கும் வரை நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இப்போது சிரிக்கவில்லை. பெரியப்பா அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நவமணி காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"அம்மாவுக்கு ரெண்டு பல்லுப் போச்சு. அதயும் எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். எந்த வருடம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளைக் கேட்டேன்.

"எனக்கு ஏழு வயசு. அன்னிக்கு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துலருந்து சீக்கிரம் வந்துட்டேன்" என்று தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல, இன்னொரு காகிதம் கேட்டு வாங்கி எழுதினேன்.